பார்த்தாலே ரத்து

அத்தியாயம் 4

"குற்றவாளி யாருன்னு கண்டுபிடிச்சாச்சு. அத நிரூபிக்கத்தான் உங்கள வரச் சொன்னேன்" என்றார் மேனேஜர்.

இந்த மாதிரி வாடிக்கையாளர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாதி வேலையை அவர்களே தப்பாகச் செய்து வைத்திருப்பார்கள். மீதிப் பாதியை நான் தப்பாகச் செய்தால் போதும்.

என் விசிட்டிங் கார்டில் 'கணினி மர்ம நிபுணர்' என்று இருக்கும். 'நிபுணர்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடலாமா என்று கேட்டவர் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஏதோ ஒரு உதவி மையத்தில் பதினாறு வருடம் உட்கார்ந்து, "ஒரு தடவை அணைச்சுட்டுத் திரும்பப் போட்டுப் பாத்தீங்களா?" என்று போனில் கேட்டே குடும்பம் நடத்தியவர். இப்போது எனக்கு உதவியாளர். இரண்டு பேரும் சேர்ந்து இதுவரை பதினான்கு மர்மங்களைத் துலக்கியிருக்கிறோம். அதில் ஐந்தில் குற்றவாளி, கழன்றுபோன ஒயர்.

இந்த அலுவலகம் எனக்குப் புதிதல்ல. துப்பறியக் கிளம்புவதற்கு முன் ஆறு வருடம் இங்கேதான் குப்பை கொட்டினேன். இவர்கள் இணையத்தில் ஒரு முன்பதிவுத் தளம் நடத்துகிறார்கள். மருத்துவமனையோ, முடிதிருத்தும் கடையோ, யாருக்கு எந்த நேரம், எந்த நாற்காலி என்பதை அந்தத் தளம் பார்த்துக்கொள்ளும். வாடிக்கையாளர்கள் தங்களுக்கென்று ஒரு நிரல் எழுதி, ஏபிஐ என்ற ஜன்னல் வழியாகத் தளத்தோடு பேசவேண்டும். 'இந்த நேரத்தைக் கொடு' என்று நிரல் ஒரு சீட்டை நீட்டும். 'கொடுத்தேன்' என்று ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வரும். அந்த ஜன்னல்களை வடிவமைத்த குழுவுக்கு நான்தான் தலைவன். என் கார்டின் பின்பக்கத்தில் அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். நான் போன பிறகு வேலைக்கு வந்த இந்த மேனேஜர், அதைப் படித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"என்ன திருட்டு?" என்றேன், காலைக் கால்மேல் போட்டுக்கொண்டு.

"திருட்டு இல்ல. அதவிட மோசம். ஒரு டயாலிசிஸ் சென்டர் நம்ம தளத்துலதான் நேரம் ஒதுக்குது. திங்கக்கிழமைலேர்ந்து தினம் ரெண்டு நோயாளியோட நேரம் தானா ரத்தாகுது. நேத்து ஒரு பெரியவர் போய்ப் பாத்தா, அவர் நாற்காலில வேற ஆளு. திருப்பி அனுப்பிட்டாங்க. நாள் தவறிப்போச்சுன்னா அவங்க உசுருக்கே உத்தரவாதம் கிடையாது, தெரியும்ல?"

தெரியும் என்று தலையாட்டினேன். காலையும் கீழே இறக்கினேன்.

மேனேஜர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பதிவேட்டில் ஆறு வரிகள். ஒவ்வொன்றிலும், 'ரத்து. அனுப்பியவர்: கையேடு.'

கையேடு என்பது ஒரு பெண்மணியின் பட்டப்பெயர். எந்த ஜன்னலில் எந்தச் சீட்டை எப்படி நீட்டவேண்டும் என்று வெளியூர் நிரலாளர்களுக்குச் சொல்லித்தரும் கையேட்டை ஒன்பது வருடமாக எழுதுபவர். எழுதி எழுதி, அவருடைய சொந்தப் பெயரே அலுவலகத்தில் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது.

"இவங்களோட பதவி உயர்வப் போன வெள்ளிக்கிழமை நிறுத்தி வெச்சேன். திங்கக்கிழமை இது ஆரம்பிக்குது. அதோட இதையும் பாருங்க." ஒரு தாளை நீட்டினார். மூன்று வருடத்துக்கு முன் கையேடு எழுதிய கோரிக்கை. கடைசி வரிகளுக்கு மஞ்சள் மை பூசியிருந்தார். 'ரத்து ஜன்னலை இப்படியே விட்டால் ஒரு நாள், யார் கையும் படாமல், நோயாளிகளின் நேரங்கள் காணாமல் போகும். அன்றைக்கு என்னைத் தேடி வருவீர்கள்.'

"மிரட்டல்! அதுவும் எழுத்துல!" என்றார் மேனேஜர்.

சகலை தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "கீழ 'பக்கம் 1, மொத்தம் 2'ன்னு இருக்கே சார். ரெண்டாவது பக்கம் எங்க?"

"பிரிண்டர்ல பேப்பர் தீந்துடுச்சு. வேண்டியது இதுலயே வந்துடுச்சு, விடுங்க. நாலு மணிக்கு வக்கீல் வர்றார். போலீஸ்ல புகார், அதோட வேலை நீக்கம். அதுக்குள்ள நீங்க ஆதாரத்தக் கோர்வையா எழுதிக் குடுத்துடணும்."

மணி பத்தரை. வெளியே வந்ததும் சகலை என் காதோடு சொன்னார். "சகல, கல்யாணத்துக்கு முன்னாடியே புள்ளைக்குப் பேர் வெச்சுட்டாரு."

கையேட்டின் அறை தாழ்வாரத்தின் கோடியில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே போனபோது அவர் எழுதிக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு வேலை போகப்போகிறது என்று தெரிந்தும் ஒருவர் பதினோரு மணிக்கு வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் இங்கே இருந்த காலத்தில் சாயங்காலம் நாலு மணிக்கே பையைத் தோளில் மாட்டிவிடுவேன்.

"ஓ, நீங்களா?" என்றார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பழைய சகாவைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

"கவலைப்படாதீங்க மேடம். நீங்க பண்ணலன்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

பதில் யோசிக்காமல் வந்திருந்தேன். சகலை முந்திக்கொண்டார். "அவருக்குத் தெரியாது மேடம். எல்லார்கிட்டயும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாரு. நேரா விஷயத்துக்கு வர்றேன். ரத்துல உங்க பேரு எப்படி வந்துச்சு?"

"தெரியல. நான் அந்த சென்டரோட கணக்கத் தொட்டதே இல்ல. ஆனா இன்னைக்கு நான் சொன்னா யாரு நம்பறா? போலீஸ் வரைக்கும் பேரு போயிட்டா அப்புறம் எந்தக் கம்பெனியும் என்ன வாசப்படி ஏத்தாது. எனக்கு வேற தொழில் தெரியாது. அடுத்தவங்களுக்குப் புரியற மாதிரி எழுதறது ஒண்ணுதான் தெரியும்." குரல் உடையவில்லை. ஆனால் பேனா மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

சகலை அவருடைய கணினியைக் கொஞ்சம் கடன் கேட்டார். பதிவேட்டைத் திறந்து, தேடும் கட்டத்தில் 'கையேடு' என்று மட்டும் தட்டினார். 'ரத்து' என்ற சொல்லைப் போடவில்லை.

திரை நிரம்பி வழிந்தது. ஆயிரத்து நானூறு வரிகளுக்கு மேல். 'முன்பதிவு. அனுப்பியவர்: கையேடு.' 'நேர மாற்றம். அனுப்பியவர்: கையேடு.' ஏழு மாதமாக, ஒரே சென்டருக்கு.

"மேனேஜர் 'ரத்து'ன்னு மட்டும் தேடியிருக்காரு" என்றார் சகலை. "இவங்கதான் திருடின்னா, ஏழு மாசமா ராத்திரி பகல்னு ஒழைச்சு அந்த சென்டருக்கு ஆயிரத்து நானூறு தடவை ஆள ஒக்கார வெச்சுட்டு, அப்புறம் ஆறு பேர மட்டும் எழுப்பி விட்டிருக்காங்க. இப்படி ஒரு திருடி கெடைச்சா நானே வேலைக்கு வெச்சுக்குவேன்."

அதே முடிவுக்கு நானும் வந்துவிட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். "சென்டருக்குப் போறோம்" என்றேன், கம்பீரமாக. கதவு இழுக்கவேண்டிய கதவு. தள்ளினேன்.

டயாலிசிஸ் சென்டரின் நிரலை எழுதியவர் டாக்டரின் மருமகன். சம்பளம் வாங்கும் ஆள் இல்லை. 'மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தெரியும்' என்று யாரோ ஒரு நாள் சொல்லப்போக, அன்றிலிருந்து மாட்டிக்கொண்டவர். எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். நெட்டையான மனிதர், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"நிரல நீங்களே எழுதினதா?" என்றேன்.

"ஆமா சார். முழுக்க முழுக்க என் கைவண்ணம்" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"தொறங்க, பாப்போம்."

திறந்தார். என்னைவிட வேகமாகப் படிக்கும் சகலை நான்காவது வரியில் விரலை வைத்தார். ஒவ்வொரு நிரலும் ஜன்னலுக்குப் போகும்போது தன் பெயரைச் சொல்லவேண்டும். 'அனுப்புபவர்' என்ற இடத்தில் சென்டரின் பெயர் இருந்திருக்கவேண்டும். 'கையேடு' என்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அழகான தமிழில் ஒரு குறிப்பு: 'இது மாதிரிக்காக என் பெயர். இங்கே உங்கள் பெயரைப் போடவும்.'

"இது கையேட்டுப் புத்தகத்தோட மூணாம் பக்கத்துல இருக்கற மாதிரி நிரலாச்சே?" என்றேன்.

மாப்பிள்ளை நெளிந்தார். "அதுலேர்ந்துதான் சார் அப்படியே எடுத்துப் போட்டேன். மொத தடவையே ஓடுச்சு. ஓடற வண்டிய எதுக்கு சார் நிறுத்திப் பாக்கணும்?"

"பக்கத்துல 'உங்க பேரப் போடவும்'னு எழுதியிருக்கே, மாப்பிள்ளை?"

"குறிப்பெல்லாம் யாரு சார் படிக்கறா?"

சகலை அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "கூச்சப்படாதீங்க. உலகத்துல நிரல் எழுதறவங்க பாதிப் பேரு உங்க ஜாதகம்தான்."

நியாயமாகப் பார்த்தால் நானும் அந்தப் பாதிதான். இதே கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம், எங்கிருந்தோ ஒரு நிரலை எடுத்து ஒட்டினேன். அடுத்த ஒரு மாதத்துக்கு எங்கள் தளத்திலிருந்து போன கடிதங்களெல்லாம் யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆளின் கையெழுத்தோடு போயின. அதை நான் அங்கே சொல்லவில்லை. மாப்பிள்ளையைக் கண்டிப்பாகப் பார்த்தேன்.

ஆக, பெயர் வந்த வழி தெரிந்துவிட்டது. சென்டரிலிருந்து எது நடந்தாலும் அது கையேட்டின் பெயரில்தான் பதிவாகும். ஆனால் ரத்துப் பொத்தானை அழுத்தியது யார்? மாப்பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், தான் ஒருவரையும் ரத்து செய்யவில்லை என்று. நிரலிலும் அப்படி ஒரு வரி இல்லை. ஒரே ஒரு வழிதான் இருந்தது. தினமும் மாலை சரியாக ஆறு மணிக்கு, இரண்டு நாள் கழித்து வரவேண்டிய நோயாளிகளுக்கு நினைவூட்டல் மின்னஞ்சல் போகும். அதில் 'வர இயலாவிட்டால் இங்கே தொடவும்' என்று ஒரு இணைப்பு. தொட்டால் நேரம் ரத்து.

"அப்ப நோயாளிங்களேதான் தொட்டிருக்காங்க" என்றேன். கேஸ் முடிந்த மகிழ்ச்சியில் தொப்பியைத் தேடினேன். நான் தொப்பி போடுவதில்லை.

"அவங்களா? வாங்க, கேட்டுப் பாருங்க" என்றார் பின்னாலிருந்த தலைமை நர்ஸ். வெடுக்கென்ற குரல், அதைவிட வெடுக்கென்ற நடை. எங்களை உள்கூடத்துக்கு அழைத்துப்போனார். நீல நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு இயந்திரம் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. மூன்றாவது நாற்காலியில் ஒரு பெரியவர். அவருடைய இரண்டு கால்களும் வீங்கி, போர்வைக்கு வெளியே இருந்தன.

"இவருதான் நேத்துத் திரும்பிப் போனவரு. வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்க மூச்சு வாங்கியிருக்கு. இன்னைக்கு என் சாப்பாட்டு நேரத்த விட்டுட்டு இவர நுழைச்சிருக்கேன். தினம் இப்படி முடியாது. இன்னைக்கு ஆறு மணிக்குச் சனிக்கிழமைக்கான கடுதாசி போகும். இவரும் அதுல உண்டு. மறுபடி ரத்தாச்சுன்னா, நேரா உங்க வீட்டுக்குத்தான் அனுப்பி வெப்பேன்."

பெரியவர் சிரித்தார். ஒரு பேருந்துப் பணிமனையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவராம். "தம்பி, திங்கக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் ரத்து பண்ணினதா சொல்றாங்க. அப்ப நான் இதே நாற்காலில தூங்கிட்டிருந்தேன். ஒரு கைல ஊசி, இன்னொரு கைல ரத்த அழுத்தப் பட்டை. மூக்கு அரிச்சாக்கூட சிஸ்டரத்தான் கூப்பிடணும்."

இதைவிட உறுதியான சாட்சி எந்தக் கொலைகாரனுக்கும் கிடைத்ததில்லை. நான் குழம்பிப்போய் முகவாயைத் தடவினேன். துப்பறிபவர்கள் யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த துப்பறியும் முறை.

சகலை நர்ஸிடம் கேட்டார். "நாப்பது பேருல இந்த ஆறு பேரு மட்டும் ஏன்? இவங்களுக்குள்ள ஏதாவது ஒட்டுறவு உண்டா?"

"ஒட்டுறவா? ஆறு பேரும் ஒரே செட்டு. அதே பணிமனைல ஒண்ணா வேலை பாத்தவங்க. இங்கயும் ஜோடி ஜோடியா வந்து உக்காந்துகிட்டு ஊர்வம்பு பேசுவாங்க."

"ஐயா, உங்க மின்னஞ்சல் யாரு குடுத்தது?"

"பணிமனைல குடுத்ததுதான். ஓய்வு பெற்ற பிறகும் வெச்சுக்கலாம்னாங்க."

பெரியவரின் அனுமதியோடு சகலை அவர் போனை எடுத்தார். போன வாரம் வந்த நினைவூட்டல் சாதாரணமாக இருந்தது. திங்கட்கிழமை வந்ததன் தலையில் மட்டும் பச்சையாக ஒரு பட்டை. 'இக்கடிதத்திலுள்ள இணைப்புகள் திறந்து பரிசோதிக்கப்பட்டன. பாதுகாப்பானவை. மாலை 6:00:04.'

"இது என்னங்கய்யா?"

"அதுவா? பணிமனைல திங்கக்கிழமைலேர்ந்து புதுசா ஏதோ காவல் நிரல் போட்டிருக்காங்களாம். எங்களுக்கு வர்ற கடுதாசில திருட்டு இணைப்பு இருக்கான்னு, எங்களுக்கு முன்னாடி அது ஒரு தடவை தொறந்து பாத்துடும். நல்லதுதானே?"

சகலை பதிவேட்டின் நகலை என் கையில் கொடுத்தார். போர்மேனின் நேரம் ரத்தானது மாலை 6:00:04.

எனக்கே புரிந்துவிட்டது என்றால் எவ்வளவு தெளிவான துப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்பை ஒரு மனிதர் தொட்டு, 'ஆமாம், ரத்து செய்' என்று சொல்லவேண்டிய அவசியமே அந்த ஜன்னலில் இல்லை. அந்த முகவரியை யார் திறந்தாலும் போதும், நேரம் காலி. திருடன் இருக்கிறானா என்று காவல்காரன் வீட்டை எட்டிப் பார்க்கிறான். பார்த்த மாத்திரத்தில் வீடு காலியாகிவிடுகிறது. காவல்காரன் 'பாதுகாப்பானது' என்று பச்சைப் பட்டையும் ஒட்டிவிட்டுப் போகிறான்.

டாக்ஸியில் திரும்பும்போது என் வாய் சும்மா இல்லை. "எந்த மடையன் சகல இப்படி ஒரு ஜன்னலக் கட்டினது? பாக்கறது வேற, செய்யறது வேற. பாத்தா எதுவும் மாறக்கூடாது. ஏபிஐ எழுதறவனுக்கு இது அரிச்சுவடி. அதுகூடத் தெரியாத ஒருத்தன் இங்க சம்பளம் வாங்கியிருக்கான்!"

"ஜன்னல் குழுவுக்கு நீங்கதானே தலைவரு?"

"குழுன்னா ஏழு பேரு சகல. எல்லாத்தையும் நானா பாத்தேன்? அவசரக் குடுக்கை ஒருத்தன் இருந்தான், கண்டிப்பா அவன் வேலையாத்தான் இருக்கும்."

"இப்ப அவரு எங்க இருக்காரு?"

"எங்கயோ. ஊர்ல இல்ல."

"வசதியாப் போச்சு" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் சகலை.

மணி மூன்றேமுக்கால். கையேட்டின் அறைக்குள் புயலாக நுழைந்து, கண்டுபிடித்ததையெல்லாம் கொட்டினேன். மாப்பிள்ளை, மாதிரி நிரல், போர்மேன், பச்சைப் பட்டை. இடையிடையே 'நான்' என்ற சொல்லைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த மடையன் யாருன்னு மட்டும் இன்னும் பிடிபடல" என்று முடித்தேன்.

"நெஜமாவே ஞாபகம் இல்லையா?" என்றார். காலையில் பார்த்த அதே மாதிரி பார்வை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். பக்கம் இரண்டு.

மேலே, அவருடைய யோசனை நான்கே வரியில். முகவரியை மாற்றவேண்டாம், திறந்தால் 'உங்கள் நேரத்தை ரத்து செய்யவா?' என்ற கேள்வி மட்டும் வரட்டும். பொத்தானை அழுத்தினால்தான் ரத்தாகவேண்டும். கீழே, பதில்: 'ஒரே தொடுதலில் முடிவதுதான் இதன் அழகு. நிரலாளர்கள் பாராட்டுகிறார்கள். தேவையில்லாத பயம். முக்கியமில்லை என்று கோரிக்கை மூடப்படுகிறது. ஜன்னல் குழுத் தலைவர்.'

தாளை இன்னொரு தடவை படித்தேன். எழுத்து மாறவில்லை. 'அழகு' என்ற சொல்லை அந்த நாட்களில் எல்லாக் கடிதத்திலும் போடுவேன். அந்த ஒரு சொல் போதும், வேறு ரேகை எடுக்கவேண்டியதில்லை. வீங்கிய இரண்டு கால்கள் கண்முன் வந்து நின்றன. எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஏன் இத மேனேஜர்கிட்ட காட்டல?"

"காட்டினேன். 'பழைய பேப்பரெல்லாம் எதுக்கு? பதிவேட்டுல உங்க பேரு'ன்னுட்டாரு. நீங்களே வெச்சுக்குங்க. எங்கிட்ட இருந்தா நான் தப்பிக்கத் தயார் பண்ணினதும்பாங்க."

மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சகலை பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு மேனேஜர் அறையில் வக்கீல், மேனேஜர், கையேடு, நாங்கள். பெயர் வந்த கதையையும் காவல் நிரலின் கதையையும் விளக்கினேன். அவ்வளவு போதும், அவர் தப்பிவிடுவார், பையிலிருப்பது பையிலேயே இருக்கட்டும் என்று என் மனம் கணக்குப் போட்டது.

மேனேஜர் விடுவதாக இல்லை. "சரி, அவங்க அழுத்தல. ஆனா மூணு வருஷம் முன்னாடியே இது இவங்களுக்குத் தெரியும். எழுதியிருக்காங்க. அப்புறம் என்ன பண்ணினாங்க? ஒரு பேப்பர எழுதிப் போட்டுட்டு சும்மா இருந்துட்டாங்க. தெரிஞ்சே விட்டது குத்தம் இல்லையா, வக்கீல் சார்?"

வக்கீல், "வழக்கு நிக்கும்" என்றார். கையேடு என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தொண்டையைச் செருமினேன். "அது வந்து... அந்தக் கோரிக்கை அப்போதைய சூழ்நிலையில பரிசீலிக்கப்பட்டு, ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கு."

"யாரு எடுத்தது?" என்றார் மேனேஜர்.

"ஒரு குழு மட்டத்துல..."

சகலை இருமினார். சளி இருமல் இல்லை.

"நான்தான்" என்றேன். தாளை எடுத்து மேசைமேல் விரித்தேன். "ஜன்னலக் கட்டினது என் குழு. இது தப்புன்னு இவங்க எழுதினாங்க. எப்படித் திருத்தணும்னும் எழுதினாங்க. முழுசாப் படிச்சுப் பாக்காமலேயே நான் மூடினேன். இவங்க சும்மா இருக்கல சார். என்னாலதான் சும்மா இருக்கவேண்டியதாப் போச்சு."

மேனேஜர் தாளைப் படித்தார். என் கார்டை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தார். மறுபடி தாளைப் படித்தார். "உங்கள இதுக்கா கூப்பிட்டேன்!" என்றார், அழாத குறையாக. வக்கீல் பையை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். ஆறு மணிக்கு அடுத்த கடுதாசி போகும்" என்றார் கையேடு. அறையில் அதை ஞாபகம் வைத்திருந்தது அவர் ஒருவர்தான்.

மேனேஜர் தயங்கினார். முந்நூற்றுச் சொச்சம் வாடிக்கையாளர்கள் அந்த முகவரியை நம்பியிருக்கிறார்கள். கை வைத்தால் எல்லாம் படுத்துவிடுமே? முகவரி மாறாது, திறந்தால் தெரிவது மட்டும்தான் மாறும் என்று கையேடு நான்கே வாக்கியத்தில் விளக்கினார். மூன்று வருடத்துக்கு முன் எழுதிய அதே நான்கு வாக்கியம். மேனேஜர் சரி என்றதும், கையேடு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களே மாத்துங்க" என்றார்.

பழகிய கை என்று உட்கார்ந்தேன். முதல் முயற்சியில் ரத்துப் பக்கமே திறக்கவில்லை. இரண்டாவதில் கேள்வி வந்தது, பொத்தான் வரவில்லை. அலுவலகத்தின் நிஜ நிரலாளரான ஒரு பெண் என் பின்னால் நின்று, பெரியவர்களை மதிக்கவேண்டுமே என்பதற்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஐந்து ஐம்பதுக்குச் சரியாக வந்தது. அதிலும் கடைசி இரண்டு வரி அந்தப் பெண் போட்டது.

ஆறு மணி. பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடிதங்கள் போயின. 6:00:04. காவல் நிரல் போர்மேனின் இணைப்பைத் திறந்தது. கேள்வியைப் பார்த்தது. பதில் சொல்லத் தெரியாமல் போய்விட்டது. அவருடைய சனிக்கிழமை நாற்காலி அப்படியே இருந்தது. நர்ஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இத மொதல்லயே பண்ணித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்று வைத்துவிட்டார்.

மேனேஜர் கையேட்டிடம் மன்னிப்புக் கேட்டார். பதவி உயர்வைப் பற்றியும் ஏதோ முணுமுணுத்தார். "எழுத்துல குடுங்க சார். ரெண்டு பக்கம் வந்தா ரெண்டையும் பிரிண்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கையேடு தன் அறைக்கு நடந்தார். மன்னிப்புக் கேட்கவேண்டிய இன்னொரு ஆள் பாக்கி இருந்ததால் நானும் பின்னாலேயே போனேன்.

"மேடம், நான்..."

அவர் இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்தார். உள்ளே கட்டுக்கட்டாகக் கோரிக்கைகள். தவறான தேதியைக் கொடுத்தாலும் 'வெற்றி' என்று பதில் சொல்லும் ஜன்னல். ஒரே சீட்டை இரண்டு தடவை நீட்டினால் இரண்டு நாற்காலி கொடுக்கும் ஜன்னல். முப்பத்தொரு எச்சரிக்கைகள். ஒவ்வொன்றின் அடியிலும், முக்கியமில்லை, மூடப்படுகிறது, ஜன்னல் குழுத் தலைவர். சிலவற்றில் 'அழகு' வேறு.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம். உக்காருங்க" என்று நாற்காலியைத் தள்ளினார். "மொதல்லேர்ந்து படிப்போம். இந்தத் தடவை ரெண்டு பக்கமும்."

உட்கார்ந்தேன். வாசலில் சகலையின் போன் அடித்தது. அவர் மனைவி, எப்போது வருவீர்கள் என்று கேட்டிருக்கவேண்டும்.

"லேட்டாகும்மா" என்றார் சகலை, என்னைப் பார்த்துக்கொண்டே. "ஆமா, கேஸ் முடிஞ்சுது. ஆளப் பிடிச்சாச்சு, குத்தத்தையும் ஒத்துக்கிட்டாரு. இல்லல்ல, போலீஸ்ல குடுக்கல. அவரக் கூட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்கு வரணும். யாரா? உங்க அக்கா வீட்டுக்காரருதான்."